டிக்கிக்கு வருஷத்தில் எத்தனை நாள் வேலை?

ஓசூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவருக்கு சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. கம்பெனி பஸ் தெருமுனைக்கே வந்துவிடுகிறது. இவருக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ் போனால் போதும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர். கூடவே மாமியார், முழங்கால் வலிக்காரர். சொந்த ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். கொஞ்சம் மாந்தோப்பு இருக்கிறது. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாவது போய்வர வேண்டும். வீட்டுக்கு முதல் கார். பட்ஜெட், எல்லாம் சேர்த்து எட்டரை லட்சம்.

"அவர் ஹேட்ச்பேக் போதும் என்கிறார். எங்கள் தெருவில் நிறுத்த இடம் கிடையாது என்பது அவர் வாதம். அத்தையோ, 'வாங்குறதுதான் வாங்குறீங்க, டிக்கி வெச்ச காரா வாங்குங்க' என்கிறார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகத்தான் தோன்றுகிறது. பக்கத்து வீட்டில், பெங்களூருவில் வாங்கினால் விலை குறையும் என்கிறார்கள். எதை நம்புவது?" என்று கேட்டிருக்கிறார்.

இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது இல்லை. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் மாதச் சம்பளக் குடும்பங்கள் பலவற்றில் இதே பேச்சு நடக்கும். வேலை எல்லைக்கு அந்தப் பக்கம், ஊர் இந்தப் பக்கம், வீடு நடுவில் என்று வாழ்கிறவர்களுக்குக் கார் வேடிக்கைப் பொருள் இல்லை. ஐந்து வருஷத்துக்கு மாதா மாதம் இ.எம்.ஐ. கட்டப்போகிற சமாசாரம். ஆகவே கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஒரே கார், இரண்டு உடம்பு

முதலில் ஒரு விஷயம். சிறிய ஹேட்ச்பேக், சிறிய செடான் என்று ஷோரூமில் இரண்டு வகையாகக் காட்டினாலும், பல கம்பெனிகளில் இவை இரண்டும் உடன்பிறப்புகள். மாருதியில் ஸ்விஃப்டும் டிசையரும், ஹூண்டாயில் கிராண்ட் ஐ10 நியோஸும் ஆராவும், டாடாவில் டியாகோவும் டிகோரும் அப்படித்தான். அடித்தளம் ஒன்று, இன்ஜினும் பெரும்பாலும் ஒன்று. ஸ்விஃப்ட், டிசையர் இரண்டிலும் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலுள்ள தூரம் ஒரே அளவு, 2,450 மில்லிமீட்டர். கம்பெனி சொல்லும் மைலேஜும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: மேனுவல் கியரில் லிட்டருக்கு 24.8 கிலோமீட்டர். ரோட்டில் அவ்வளவு வராது என்பது வேறு விஷயம். குறையும்போது இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் குறையும்.

அப்படியானால் கூடுதல் பணம் எதற்கு? பெரும்பாலும் டிக்கிக்குத்தான். ஸ்விஃப்டின் பின்பக்கம் 265 லிட்டர் சாமான் பிடிக்கும். டிசையரில் 382 லிட்டர். நியோஸில் 260, ஆராவில் 402. டியாகோவில் 242, டிகோரில் 419. லிட்டர் கணக்கு புரியவில்லை என்றால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: வெளிநாட்டுப் பயணத்துக்கு எடுத்துப்போகிற பெரிய சூட்கேஸ் ஒன்று சுமார் 100 லிட்டர். ஹேட்ச்பேக்கில் அப்படி இரண்டு வைத்தால் இடம் முடிந்தது. செடானில் மூன்று வைக்கப் பார்க்கலாம்.

நாலு மீட்டர் வந்த கதை

இந்தக் குட்டி செடான்களின் பின்பக்கம் ஏன் கத்தரித்த மாதிரி இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். உண்மையிலேயே கத்தரித்ததுதான். கத்தரித்தது வரி.

2006 மத்திய பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப.சிதம்பரம், சிறிய கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். சிறிய கார் என்றால் நீளம் நாலு மீட்டருக்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் இன்ஜின் 1,200 சி.சி.க்குள், டீசல் 1,500 சி.சி.க்குள் இருக்க வேண்டும். டிக்கி வைத்த காரை நாலு மீட்டருக்குள் அடக்கிவிட்டால் அதற்கும் அந்தச் சலுகை கிடைக்கும் அல்லவா? 2008-ல் டாடா இண்டிகோ சி.எஸ். அப்படி வந்தது. அதே வருஷம் வந்த முதல் ஸ்விஃப்ட் டிசையர் 4,160 மில்லிமீட்டர் நீளம். 2012-ல் அடுத்த டிசையரை 3,995 மில்லிமீட்டராகக் குறைத்தார்கள். அதில் டிக்கி 440 லிட்டரிலிருந்து 316 லிட்டராகச் சுருங்கியது. அதற்குப் பின் மெல்ல மெல்லத் தேற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

அந்த நாலு மீட்டர் கோடு இன்றும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த அளவுக்குள் வரும் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40 சதவீதம். ஹேட்ச்பேக், குட்டி செடான் இரண்டும் 18-ல்தான் வருகின்றன. செடான் என்பதற்காகக் கூடுதல் சதவீதம் எதுவும் கிடையாது.

இந்தக் கதையை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. நாலு மீட்டர் என்பது ஒரு குறிப்பிட்ட நீளத் துணி மாதிரி. டிக்கிக்கு அதிகம் வெட்டினால் உட்காரும் இடத்துக்குக் குறையும். அதே நாலு மீட்டரை டிக்கிக்குத் தனியாக வெட்டாமல் உட்காரும் இடத்துக்குக் கொடுத்த கார்களும் இருக்கின்றன. மாருதி பலேனோ 3,990 மில்லிமீட்டர் நீளம். சக்கர இடைவெளி 2,520. சாமான் இடம் 318 லிட்டர். டாடா அல்ட்ராஸில் 345 லிட்டர். இவை ஹேட்ச்பேக்தான். குட்டி செடான் விலைக்குப் பக்கத்திலேயே இவையும் நிற்கும். ஹேட்ச்பேக் என்றால் எல்லாமே சின்னது என்று முடிவுகட்ட வேண்டாம்.

முதலில் தலையை எண்ணுங்கள்

ஹேட்ச்பேக் விற்பவர்கள் சொல்லும் பெரிய வசதி, பின்சீட்டை மடக்கிவிடலாம் என்பது. உண்மைதான். மடக்கிவிட்டால் சின்ன ஃபிரிட்ஜ், பிள்ளையின் சைக்கிள், கட்டில் பலகை என்று செடானில் நுழையவே நுழையாத பொருளெல்லாம் போகும். செடானின் டிக்கி ஆழமானது. ஆனால் வாய் குறுகல். உயரமான பொருள் எதுவும் உள்ளே போகாது.

ஆனால் பின்சீட்டை யார் மடக்க முடியும்? பின்னால் ஆள் இல்லாதவர்கள். கணவன், மனைவி இரண்டு பேர் என்றால் தாராளமாக மடக்கலாம். ஒரு குழந்தை இருந்தாலும், சீட் இரண்டு பாகமாக மடங்கும் மாடலாக இருந்தால் சமாளிக்கலாம். நம் வாசகி வீட்டில் ஊருக்குக் கிளம்பினால் ஐந்து பேர். முன்னால் இரண்டு, பின்னால் அத்தையும் இரண்டு பிள்ளைகளும். சீட்டை மடக்கும் பேச்சுக்கே இடமில்லை. அவர்களுக்கு ஹேட்ச்பேக் தருவது 265 லிட்டர் மட்டும். மாம்பழ சீசனில் தோப்பிலிருந்து திரும்பும்போது என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். துணிப்பை, பிள்ளைகள் ஸ்கூல் பை, அரிசி மூட்டை, அதற்கு மேல் பழம். பாதிச் சாமான் அத்தையின் காலடியில்தான் வரும். ஏற்கெனவே முழங்கால் வலிக்காரர், காலை நீட்ட வழியில்லாமல் 60 கிலோமீட்டருக்கு மேல் உட்கார்ந்து வர வேண்டும்.

செடானில் இன்னொரு வசதியும் உண்டு. டிக்கிக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் சீட்டின் முதுகு தடுப்பாக நிற்கிறது. பழ வாசனை, ஞாயிற்றுக்கிழமை வாங்கிய கறி, கருவாடு எதுவும் காருக்குள் அவ்வளவாக வராது. அதைவிட முக்கியம், திடீர் பிரேக் போட்டால் சாமான் முன்னால் பறந்து வராது. ஹேட்ச்பேக்கில் சீட்டின் தலைக்கு மேல் வரை சாமான் அடுக்குவது ஆபத்து. அடுக்கும் உயரம் சீட்டு முதுகோடு நிற்கட்டும்.

டிக்கி நாள் கணக்கு

அடுத்தது பணம். உடன்பிறப்புக் கார்களில் ஒரே மாதிரி வசதியுள்ள மாடல்களை ஒப்பிட்டால், ஹேட்ச்பேக்குக்கும் செடானுக்கும் ஷோரூம் விலையில் ஐம்பதாயிரம் முதல் லட்சம் வரை வித்தியாசம் வரும். நடுவில் 70,000 என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான காருக்குச் சாலை வரி 13 சதவீதம். அதில் 9,100 ரூபாய் கூடும். இன்ஷூரன்ஸும் கொஞ்சம் கூடும். ஆக, ரோட்டுக்கு வரும்போது வித்தியாசம் சுமார் 80,000.

இதைக் கடனில் சேர்த்தால், 9 சதவீத வட்டிக்கு ஐந்து வருஷத்துக்கு மாதம் சுமார் 1,660 ரூபாய் கூடுதல். மொத்தம் கட்டுவது கிட்டத்தட்ட ஒரு லட்சம்.

இனி ஒரு காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் சாமானோடு கிளம்பும் நாட்களை மட்டும் வட்டம் போடுங்கள். பொங்கல், தீபாவளி, கோடை விடுமுறை, உறவில் கல்யாணம், ஊர்த் திருவிழா. ஆபீஸ், காய்கறிக் கடை, பள்ளிக்கூடம், கோயில் எதுவும் இதில் சேராது. அவற்றுக்கு எந்தக் காரின் பின்பக்கமும் போதும்.

வருஷத்துக்கு ஆறு நாள்தான் வட்டம் விழுகிறது என்றால், ஐந்து வருஷத்தில் 30 நாள். ஒரு லட்சத்தை 30-ஆல் வகுத்தால், நாளுக்கு 3,300 ரூபாய்க்கு மேல் டிக்கி வாடகை. விற்கும்போது இதில் பாதி திரும்பி வரும் என்று வைத்தாலும் நாளுக்கு 1,600-க்கு மேல். அந்த ஆறு நாளுக்குச் சாமானைப் பார்சலில் போட்டுவிடலாம். இல்லை, வாடகைக்குப் பெரிய காரே எடுத்துவிடலாம். அந்த வீட்டுக்கு ஹேட்ச்பேக்தான் சரி.

நம் வாசகிக்கு மாதம் இரண்டு தடவை என்றாலே 24 நாள். பண்டிகை, விசேஷம் சேர்த்தால் 30 நாளுக்குக் குறையாது. ஐந்து வருஷத்தில் 150 நாள். நாளுக்கு 665 ரூபாய். மறுவிற்பனை விலையைக் கழித்தால் அதிலும் பாதி. ஐந்து பேர் நெருக்கிக்கொள்ளாமல் போய்வருவதற்கு இது அதிகமில்லை. அத்தை சொன்னதில் கௌரவம் கொஞ்சம் கலந்திருக்கலாம். அம்பாசடரையும் ஃபியட்டையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு டிக்கி இல்லாத கார் முழுக் காராகத் தெரியாது. கல்யாணத்துக்கு சீர்வரிசைத் தட்டு எடுத்துப்போன அனுபவம் அவர்களுடையது. ஆனால் இந்த வீட்டில் அவர் சொன்னது கணக்குப்படியும் சரியாகத்தான் வருகிறது.

முழங்காலை யாரும் அளப்பதில்லை

ஆனால் அத்தை ஆசைப்பட்ட காரில் அத்தையால் ஏறி இறங்க முடியுமா என்பதைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

செடானின் கூரை பின்னால் போகப் போகச் சரியும். பின்சீட்டும் தாழ்வாகவே இருக்கும். தலையைக் குனிந்து, இடுப்பை இறக்கி உட்கார வேண்டும். எழும்போது முழங்காலில் முழு பாரமும் விழும். ஸ்விஃப்டிலும் இது பெரிதாக மாறாது. இரண்டு காருக்கும் உயரம் 1,520 மில்லிமீட்டர் சுற்றித்தான். இதற்கு மாற்று, உயரமான ஹேட்ச்பேக். மாருதி வேகன்ஆர் 1,675 மில்லிமீட்டர் உயரம். அதில் நாற்காலியில் உட்கார்வது போல உட்காரலாம். பின்பக்கம் 341 லிட்டர் இடம் இருக்கிறது. அகலம் குறைவு என்பதால் பின்னால் மூன்று பேர் கொஞ்சம் ஒட்டி உட்கார வேண்டும். இரண்டு பேர் பிள்ளைகள் என்றால் பரவாயில்லை.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை ஷோரூமுக்குப் போகும்போது அத்தையையும் அழைத்துப் போங்கள். வழக்கமாகக் கட்டும் புடவையிலேயே வரட்டும். பின்சீட்டில் ஏறி, பத்து நிமிஷம் உட்கார்ந்து, இறங்கச் சொல்லுங்கள். அதையே மூன்று தடவை. முதல் தடவை எல்லோரும் நன்றாகத்தான் இறங்குவார்கள். மூன்றாவது தடவை கதவைப் பிடிக்கிறாரா, முகம் சுளிக்கிறாரா என்று பாருங்கள். அவர் 'பரவாயில்லம்மா' என்றுதான் சொல்வார். வாயைக் கேட்காமல் காலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அதோடு, தக்காளியும் மாங்காயும் அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட் ஒன்றைக் காலியாக எடுத்துப் போய் டிக்கியில் வைத்துப் பாருங்கள். விற்பனையாளர் சிரித்தால் சிரிக்கட்டும்.

தெருவும் டோல்கேட்டும்

கணவரின் கவலைக்கு வருவோம். தளி ரோடு, பாகலூர் ரோடு, ராயக்கோட்டை ரோடு என்று ஓசூர் எந்தப் பக்கம் வளர்ந்தாலும் உள்தெருக்கள் குறுகலாகவே இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் ஸ்விஃப்ட் 3,860 மில்லிமீட்டர், டிசையர் 3,995. வித்தியாசம் பதிமூன்றரை சென்டிமீட்டர். ஒரு சாண்கூட இல்லை. நியோஸுக்கும் ஆராவுக்கும் 18 சென்டிமீட்டர். டியாகோவுக்கும் டிகோருக்கும்தான் ஒரு சாண் வரும். வீட்டு வாசலை டேப் வைத்து அளந்துவிடுங்கள். கேட் மூடி, மனிதர் நடக்க இடம் விட்டு, நாலே கால் மீட்டர் கிடைத்தால் இரண்டுமே நிற்கும். செடானில் உள்ள சிரமம் நீளத்தைவிட, பின்னால் கார் எங்கே முடிகிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்து தெரியாததுதான். 2019 ஜூலை முதல் எல்லாப் புதுக் கார்களிலும் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம் என்பதால் அதுவும் பழகிவிடும்.

டோலில் ஹேட்ச்பேக், செடான் என்று பாகுபாடு கிடையாது. கார், ஜீப், வேன் எல்லாம் ஒரே கட்டணம். தேசிய நெடுஞ்சாலையில் சொந்தக் கார்களுக்கு 2025 ஆகஸ்ட் 15 முதல் ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் வந்திருக்கிறது. தொடங்கும்போது 3,000 ரூபாய்க்கு 200 பயணம் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அது என்று வைத்தார்கள். சாதாரண டோல்கேட்டில் ஒரு தடவை கடந்தால் ஒரு பயணம். ஆபீஸ் போகும் நாளில் போக வர என்றாலே இரண்டு பயணம். இரண்டு டோல்கேட் இருந்தால் நாலு. உங்கள் வழியிலுள்ள டோல்கேட்டுகளுக்கு அந்த பாஸ் செல்லுமா என்று ராஜ்மார்க் யாத்ரா செயலியில் பார்த்துவிட்டு, உள்ளூர் மாதப் பாஸோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.

பெட்ரோல் கணக்கையும் மறக்க வேண்டாம். ஓசூர் - எலக்ட்ரானிக் சிட்டி நெரிசலில் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் என்றும், லிட்டர் 100 ரூபாய் என்றும் வையுங்கள். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் 5,500 ரூபாய்க்கு மேல். ஹேட்ச்பேக்கா செடானா என்பதால் வரும் 1,660 ரூபாயைவிட, ஆபீஸுக்குக் காரா கம்பெனி பஸ்ஸா என்பதால் வரும் வித்தியாசம் மூன்று மடங்கு பெரியது. வாரத்தில் ஒரு நாள் பஸ்ஸில் போனாலே டிக்கிச் செலவு பெருமளவு ஈடாகிவிடும்.

கேஸ் சிலிண்டர் எங்கே உட்காருகிறது?

பெட்ரோல் செலவைப் பார்த்ததும் பலர் சி.என்.ஜி. பக்கம் சாய்வார்கள். தினமும் ஓட்டுகிறவர்களுக்கு நல்ல யோசனைதான். ஆனால் செடான் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல மாடல்களில் பெரிய சிலிண்டர் ஒன்று டிக்கிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். டிக்கிக்காகக் கூடுதல் பணம் கொடுத்துவிட்டு, அந்த டிக்கியைச் சிலிண்டருக்குக் குடிவைத்த கதையாகிவிடும். டாடா 2023-லிருந்து ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதில் இரண்டு சிறிய சிலிண்டர்களை டிக்கியின் தரைக்கு அடியில் வைத்துத் தருகிறது; அதில் ஓரளவு இடம் மிஞ்சும். ஹூண்டாயும் சில மாடல்களில் இரட்டைச் சிலிண்டர் தருகிறது. எந்தக் காரானாலும் சி.என்.ஜி. மாடலின் டிக்கியைத் திறந்து, சாமான் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் முன்பணம். சிலிண்டருக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை அழுத்தப் பரிசோதனை உண்டு என்பதையும் செலவில் சேருங்கள்.

எல்லை தாண்டி வாங்கலாமா?

பக்கத்து வீட்டார் சொன்ன கணக்கு. ஜி.எஸ்.டி. நாடு முழுவதும் ஒன்றே. சாலை வரி, காரை எந்த விலாசத்தில் பதிவு செய்கிறோமோ அந்த மாநிலத்துக்குப் போகும். ஓசூர் விலாசம் என்றால் டி.என். 70, தமிழ்நாட்டு வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வரி உயர்ந்தது. அதிலிருந்து 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம். கர்நாடகாவில் அதே விலைக்கு 14 சதவீதமும் அதற்கு மேல் செஸ்ஸும் உண்டு. அங்கே பதிவு செய்தால் நமக்கு லாபமில்லை. பெங்களூரு ஷோரூமில் தள்ளுபடி அதிகம் கிடைத்தால் வாங்கி, தற்காலிகப் பதிவில் கொண்டுவந்து ஓசூரில் பதிவு செய்யலாம், அதில் தவறில்லை. வரி விகிதங்கள் மாறக்கூடியவை என்பதால் பணம் கட்டும் வாரத்தில் ஒரு தடவை ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிடுங்கள்.

தமிழ்நாட்டில் 10 லட்சத்தைத் தாண்டினால் வரி 18 சதவீதமாகிவிடும். 9.9 லட்சம் ரூபாய்க் காருக்கு வரி 1,28,700. 10.1 லட்சத்துக்கு 1,81,800. விலையில் 20,000 கூடினால் வரியில் 53,000-க்கு மேல் கூடுகிறது. 'இன்னும் கொஞ்சம் போட்டா டாப் மாடல் மேடம்' என்று ஷோரூமில் சொல்லும்போது இந்தக் கோடு நினைவில் இருக்கட்டும்.

பெங்களூருவில் பழைய கார் மலிவாகக் கிடைக்கிறது என்று ஓடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவின்படி, வேறு மாநிலப் பதிவுள்ள காரை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கு அந்த ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும்; காரின் வயதுக்கு ஏற்ப இங்கே மறுபடி வரி கட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியில் மிச்சத்தைக் கேட்டு மனுப் போடலாம். அதற்கு அலைச்சல் உண்டு. இந்தச் செலவையெல்லாம் சேர்த்த பிறகும் மலிவாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஓசூரில் குடியிருந்து, டி.என். காரில் தினமும் எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்வருகிறவர்கள் பயப்பட வேண்டியதில்லை. கார் இரவில் இங்கேதான் நிற்கிறது. விலாசச் சான்றின் நகல் ஒன்று காரில் இருந்தால் போதும்.

என் முடிவு

வாசகிக்கு என் பதில் இதுதான். ஐந்து பேர், மாதம் இரண்டு ஊர்ப் பயணம், தோப்புச் சாமான் என்பதால் செடான் வாங்குங்கள். பெட்ரோல் மாடல், நடுத்தர வேரியண்ட் போதும். ரோட்டில் வாடகை வண்டியாக ஓடும் மாடலாச்சே என்று தயங்க வேண்டாம். அந்த வண்டிகள் அதிகம் ஓடுவதால்தான் உதிரி பாகமும் மெக்கானிக்கும் எல்லா ஊரிலும் கிடைக்கிறார்கள். ஆனால் ஷோரூமில் அத்தையால் சிரமமில்லாமல் இறங்க முடியவில்லை என்றால், யோசிக்காமல் உயரமான ஹேட்ச்பேக்குக்கு மாறிவிடுங்கள். டிக்கி பெரிதாக இருந்து, அத்தை ஊருக்கு வருவதையே நிறுத்திவிட்டால் அந்தக் கார் எதற்கு?

வீட்டில் மூன்று பேர், ஊர் பெங்களூரு பக்கமே, பயணம் வருஷத்தில் ஐந்தாறு என்றிருக்கும் மற்ற வாசகர்கள் ஹேட்ச்பேக் வாங்கி, மிச்சமாகும் எண்பதாயிரத்தைக் கடனில் குறைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் காரானாலும் மோதல் சோதனை மதிப்பெண்ணை மாடல் வாரியாகப் பாருங்கள். 2024 நவம்பரில் புதிய டிசையர், குளோபல் என்.சி.ஏ.பி. சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. மாருதி கார்களில் அதுவே முதல். அதன் உடன்பிறப்புக்கும் அதே மதிப்பெண் என்று நாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐந்து பேரும் சாமானும் ஏறும் நாளில் டயர் காற்றை, ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி கூட்டிக்கொள்ளுங்கள். தொப்பூர் கணவாய் வழியாக சேலம் பக்கம் போகும் நாளில் இறக்கத்தில் கீழ் கியரிலேயே இறங்குங்கள்.

கடைசியாகப் பின்சீட் பெல்ட். 2022 செப்டம்பரில் பால்கர் அருகே நடந்த விபத்தில் டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தபோது அவர் பின்சீட்டில் இருந்தார்; பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீஸ் சொன்னது. அவர் வந்தது நம் பட்ஜெட்டைப் போலப் பல மடங்கு விலையுள்ள கார். பெல்ட்டின் கொக்கி சீட்டுக்கு அடியில் போய்ப் புதைந்துவிடாமல் முதல் நாளே வெளியே எடுத்து வையுங்கள். அத்தைக்கு அதைப் பூட்டவும் கழற்றவும் பிள்ளைகள் சொல்லிக்கொடுக்கட்டும். கிருஷ்ணகிரி போய்ச் சேர்வதற்குள் பழகிவிடுவார்.